நூற்று நாற்பது

பதினோரு வருசமாக அந்தக் கட்டத்தில்
'காணப்படவில்லை' என்றுதான் இருந்தது.
இந்த முறை நூற்று நாற்பது.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, டோக்கன் முப்பத்தொன்று.
"மாத்திரை விட்டீங்களா, செல்லபாய்க்கா?"
விடல்ல.
ராத்திரி ஒன்பதுக்கு போன் அடிக்கும்,
கஞ்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும்
அது மட்டும் உள்ளே போயிரும்.
"காய்ச்சல்?"
வந்தது. எலிக்காய்ச்சல்.
களியல் எஸ்டேட்டில் மழைத்தண்ணி தாண்டினேன்,
காலில் பழைய புண்.
குலசேகரத்தில் ஐந்து நாள் குளுக்கோஸ்.

டாக்டர் சஜிதா ரசீதின் பின்பக்கம்
ஒரு வட்டம் போட்டார், அதற்குள் ஒரு வட்டம்,
அதற்குள் நூல், நூலில் ஒரு முடிச்சு.
இது காவல் அணு.
இது தூங்கினால் முடிச்சும் தூங்கும்.
காய்ச்சல் கூப்பாடு போட்டால்
அணு எழுந்து சண்டைக்கான ஏட்டைப் பிரிக்கும்.
அந்த ஏட்டில்தான் தைத்துக் கிடக்கிறது இது.
பிரிக்கிற கை இதையும் பிரிக்கும்,
வாசிக்கிற வாய் இதையும் வாசிக்கும்.
தனக்கென்று கை இல்லை இதற்கு. வாயும் இல்லை.

எனக்குப் புரிந்தது வேறு மாதிரி.
ரப்பர் மரம் பால் விடுவது
தன் காயத்தை அடைக்க.
சிரட்டையில் பிடித்து ஷீட் அடிப்பது நாம்.
விடியும் முன் தலையில் விளக்கு கட்டி
முந்நூறு மரத்துக்கு நான் செய்வதை
எனக்குள் அது செய்கிறது.
கோபப்பட எனக்கென்ன யோக்கியதை.

"பயப்படாதீங்க. வெளியே வந்தது
அடுத்த அணுவில் ஏற மாத்திரை விடாது.
அடுத்த மாசம் ஒருக்கா பாப்போம்."
எழுப்பிவிட்டுக் கொல்லலாமா என்று சிலரும்
எழும்பாமல் பூட்டலாமா என்று சிலரும்
எங்கெங்கோ ஆராய்கிறார்களாம்.
எதுவானாலும் சீக்கிரம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

தக்கலையில் பஸ் மாறும்போது மழை.
வில்பிரட் போன பிறகு அவர் சட்டைகளைக் கொடுத்தாயிற்று,
சைக்கிளை விற்றாயிற்று.
அவர் தந்ததில் உயிரோடு மிச்சம் இது ஒன்றுதான்,
அதுவும் தூங்கிக்கொண்டு.
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

மழை விட்டால் நாளைக்குப் பால்வெட்டு.
போன வெட்டின் வாயில்
ஒட்டுப்பால் காய்ந்து மூடியிருக்கும்.
முதலில் அதை உரிக்கணும்.