ஓடில்ல

"ஓடில்ல மேடம்" என்கிறார் நிரஞ்சன் உடுப்பா.
ஓடவில்லை என்று கன்னடத்தில் பொருள்.
என் தமிழ்க் காதில் மட்டும் அது
ஓடு இல்லாதவர் என்று விழுகிறது.
பத்து நாளாய் ஓடவே இல்லையாம்.
வாசலில் கழற்றிய ஷூவின் பள்ளங்களில்
கப்பன் பூங்காச் செம்மண்
இன்னும் ஈரமாய் இருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில்
இட்லி மாவுக் கடைக்கு மேல்மாடியில்
இந்தக் கட்டிலைப் போட்டுப் பதினாறு வருடம்.
குடிக்கிறவர்கள்கூட எத்தனை ரவுண்டு என்று சொல்லிவிடுவார்கள்.
ஓடுகிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

முதல்நாள் வந்தபோது
எம்ஆர்ஐ உறையைக் கல்யாணப் பத்திரிகை போல
இரு கையாலும் நீட்டினார்.
எல் நாலுக்கும் எல் அஞ்சுக்கும் நடுவே
வட்டு பிதுங்கியிருக்கிறதாம்.
வலியே தெரியாத பலருக்கும் அது உண்டு.
படம் இருக்கட்டும், நடந்து காட்டுங்கள் என்றேன்.
கதவிலிருந்து ஜன்னலுக்கு ஏழு எட்டு.
வலக்காலை ஊன்றும்போதெல்லாம்
இடப்பக்க இடுப்பு
பஸ் படியில் தொங்குகிறவன் தோள்பை மாதிரி
சரிந்து சரிந்து எழுந்தது.

குப்புறப் படுங்கள். காலைத் தூக்குங்கள்.
தூக்கியது கால் அல்ல, முதுகு.
பிட்டத்துத் தசையை விரலால் தட்டினால்
கவுன்ட்டரில் ஆளில்லை,
உணவு இடைவேளைப் பலகை தொங்குகிறது.
தினம் ஒன்பது மணிநேர நாற்காலியில்
அது அப்படிப் பழகிவிட்டது.
அந்த வேலையையும் சேர்த்து இழுத்து
முதுகெலும்புக்கு இருபுறமும்
இரண்டு கயிறுகள் விறைத்துக் கிடந்தன.
தூங்கியவனுக்கு வலிக்காது.
பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் வலிக்கும்.

ஒருக்களித்துப் படுத்து, பாதங்கள் ஒட்டியிருக்க
மேல்முட்டியைத் திறந்து மூட வேண்டும்.
சிப்பி என்று பெயர்.
எலெக்ட்ரானிக் சிட்டியில் நாற்பது பேரை மேய்க்கிற மனிதர்
பன்னிரண்டாவது சிப்பியில் நடுங்கினார்.
கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது,
அந்தத் தாளத்துக்கு எண்ணுங்கள் என்றேன்.
அப்புறம் செத்த பூச்சி, மல்லாந்து, கைகால் கூரையைப் பார்க்க.
அப்புறம் பாலம்.
"இதெல்லாம் ஒரு பயிற்சியா மேடம்?"
மூன்றாவது பாலத்தில்
பின்தொடை சுருட்டிப் பிடித்துக்கொண்டது.
நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மஞ்சள் ரப்பர் பட்டையிலிருந்து சிவப்புக்கு வர மூன்று வாரம்.
சிவப்பிலிருந்து பச்சைக்கு
எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார்.

இன்று ஷூவைக் கண்ணால் காட்டினேன்.
தலையைக் குனிந்துகொண்டார்.
நிறைய நேரம் கழித்து,
"அஞ்சு மணிக்கு ஓடலேன்னா
அஞ்சு மணிக்கு முழிச்சிட்டுப் படுத்திருக்கணும் மேடம்"
என்றார், தமிழில்.
எங்கே கற்றார் என்று கேட்கவில்லை.
கிரைண்டர் நின்றுபோயிருந்தது.

சீட்டில் எழுதிக் கொடுத்தேன்:
நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், ஆறு தடவை.
எட்டைச் சின்னதாக வையுங்கள்,
சத்தம் கேட்காமல் இறங்குங்கள்.
வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால்
அங்கிருந்தே ஆட்டோ.
"ஒரு நிமிஷமா?" என்றார்,
பிள்ளைக்கு அரை பிஸ்கட் கொடுத்தவளைப் பார்ப்பது போல.
ஆனாலும் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
எம்ஆர்ஐ உறையை எடுக்க மறந்துவிட்டார்.

போன பிறகு வாசலைப் பெருக்கினேன்.
குனிந்தவளுக்கு நிமிர முடியவில்லை.
துடைப்பத்தை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றேன்.
பக்கத்து அறையிலிருந்து ஜெபக்கனி கேட்கிறாள்,
"பயிற்சியெல்லாம் பண்றியாடி?"
தினமும், என்கிறேன்.
மேஜைக்கு அடியில் என் மஞ்சள் பட்டை
வாங்கிய மடிப்பு கலையாமல் இருக்கிறது.