மூன்று வருடம் இரண்டு மாதம்

காக்கி புக்கிட்டில் மழை விட்ட சனிக்கிழமை.
கடை வாசலில் எல்லா வண்டிகளும்
இடப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன,
இப்போதுதான் யாரையோ கேலி செய்து
சிரித்து ஓய்ந்த மாதிரி.

பூன் கியட் என் புதுத் தலைக்கவசத்தைப் பார்க்கிறான்,
பிறகு என் காலணியை,
பிறகு எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று.
'பாய்ஃப்ரெண்டுக்கா?'
எனக்கு. டூ-பி. போன செவ்வாய்தான் பாஸ்.
நான்காவது முறை என்று சொல்லவில்லை.
குறுகிய பலகையிலிருந்து இரண்டு தரம் இறங்கியதும்
பச்சை விழுந்தும் கிளம்பாமல் நின்றதும்
அவனுக்கு எதற்கு?

நேரே ஒரு ஸ்கூட்டரிடம் கூட்டிப் போனான்.
கால் எட்டும். கியர் கிடையாது.
முன்னால் கொக்கி, காய்கறிப் பை மாட்டலாம்.

அதிகாலை மூன்றே முக்காலுக்கு
சாங்கியில் சரக்கு விமானம் வயிறு திறக்கும்போது
பட்டியலோடு கீழே நிற்பது என் வேலை.
அந்நேரம் ரயில் தூங்கும், பஸ் தூங்கும்,
டாக்சி மீட்டர் மட்டும் விழித்திருந்து
என் சம்பளத்தைக் கொத்தித் தின்னும்.
இதெல்லாம் ஸ்கூட்டருக்கான நியாயம்தான்.
தெரியும்.

சுராயா இருநூறு சிசி எடு என்றாள்,
கவசமில்லாதது, நிமிர்ந்து உட்காரலாம்,
பிஐஇயில் பின்னால் லாரி உறுமினால்
திருகிக்கொண்டு ஓடிவிடலாம்.
உட்கார்ந்து பார்த்தேன். நல்ல வண்டி.
நல்ல வரன் என்று சொல்வார்களே, அப்படி.

மூலையில் அது நின்றது.
நூற்றைம்பது சிசி, நீலம்,
பந்தய வண்டியின் சட்டையை
ஒரு தம்பி போட்டுப் பார்த்தது போல.
கடுகுதான். ஆனால் காரம்
எட்டாயிரம் சுற்றுக்கு மேலேதான்,
அதுவரை முனகும் என்றான் பூன் கியட்,
என் மனதைக் கலைக்க.
கைப்பிடி தாழ்வு, மணிக்கட்டு வலிக்கும்.
இருக்கை உயரம், நீ குள்ளம்.
பின்சீட் சும்மா பேருக்கு, யாரும் உட்கார மாட்டார்கள்.

ஆறு வருடம் ஒருவன் முதுகைப் பார்த்தே
இந்த ஊர்ச் சாலைகளைக் கடந்தவள் நான்.
பின்சீட் பேருக்குத்தான் என்றதும்
கால் தானாகத் தூக்கி மறுபக்கம் போட்டது.

இரண்டு பெருவிரல்கள் தரையைத் தொட்டன,
வெந்நீர் சுடுகிறதா என்று பார்ப்பதுபோல.
இடுப்பைக் கொஞ்சம் நழுவவிட்டேன்.
இடது பாதம் முழுசாய்ப் பதிந்தது,
வலது பாதம் பிரேக்கில்.
போதும். சிவப்பு விளக்குக்கு ஒரு கால் போதும்.

லாக் கார்டை நீட்டினான்.
சிஓஇ இன்னும் மூன்று வருடம் இரண்டு மாதம்.
புதுசென்றால் பத்து வருடம்,
ஆனால் வண்டியைவிட
அந்தப் பத்து வருடம்தான் விலை.
ஆயுள்ரேகையை அச்சடித்தே கையில் தருகிற ஊர்.
என் வேலை அனுமதிக்குப் பதினோரு மாதம் பாக்கி.
அந்தக் கணக்கில் இந்த வண்டி
என்னைவிட ஊர்க்காரன்.

பிறகுதான் பார்த்தேன்,
இடப்பக்கக் கவசத்தில் முழங்கை நீளக் கீறல்.
கிளட்ச் பிடியின் நுனி லேசாய் வளைந்திருந்தது.
எனக்கு முன்னால் யாரோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.
'நூறு வெள்ளி குறைக்கிறேன்' என்றான் அவசரமாக.
கீறலுக்கென்று தனியாகவே கொடுத்திருப்பேன்.
முதல் விழுதல் முடிந்த வண்டி அது.

காப்புறுதி, கையெழுத்து, இரண்டு சாவி.
பின்னால் ஆரஞ்சு முக்கோணத்தை ஒட்டினேன்,
கோணலாக. பிரித்து மறுபடி ஒட்டினேன்,
அதைவிடக் கோணலாக.

கடைவாசலைத் தாண்டும் முன்பே எஞ்சின் நின்றது.
பூன் கியட் உடனே குனிந்து
ஏற்கெனவே பளபளத்த ஸ்கூட்டர் ஒன்றை
துடைக்கத் தொடங்கினான்.
நல்ல மனுஷன்.

மறுபடி முதல் கியர்.
யூபி அவென்யூ திருப்பத்தில் சிவப்பு.
இடுப்பு நழுவியது,
இடது கால் மழை ஈரத்தில் ஊன்றி நின்றது.
முன்னால்
யாருடைய முதுகும் இல்லை.