உள்தடை

துணியை நிறுக்கும் தராசில் பேட்டரியை நிறுத்தவள்
இந்தத் திருப்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
லேபில் யாருமில்லாத சனிக்கிழமை மதியம்
வட்டமாய் வெட்டிய சிங்கிள் ஜெர்சித் துண்டை எடுத்துவிட்டு
அந்தத் தட்டில் வைத்தேன்.
தோழியிடம் இரவல் வாங்கிய நீளப் பேட்டரி
இருநூற்று எழுபத்தொன்று கிராம்.
என் பழைய குட்டை, நூற்று எண்பது.
நூற்று எண்பதா!
வாரம் முழுக்க நான் தேடித் திரிகிற எண்.
ஜெர்மனிக்குப் போகும் டீசர்ட்டில் ஒரு சதுர மீட்டர்,
என் காரில் நாற்பது நிமிடம்.

கோயமுத்தூர் கிராஸ்கட் ரோடு,
வளையல் கடைக்கு மேலே மாடி.
"எவ்வளவு நேரம் ஓட்டோணும்ங்க்கா?"
"ஒரு மணி நேரம்."
"அப்பப் பெருசு எடுத்துக்குங்க."
பெருசு நடுவில் படுத்து
முன்சக்கரம் வரைக்கும் காலை நீட்டும்.
எனக்குக் கனம் பின்னால் வேண்டும்.
பின்சக்கரம் இரண்டும் பிளாஸ்டிக்,
தரையைப் பிடிக்கவும் கூடாது
ஒரேயடியாய் விட்டுவிடவும் கூடாது.
பையன் குட்டையில் புதுசை எடுத்தான்.
'நூறு சி' என்று தங்க எழுத்து.
சிரித்துவிட்டேன்.
தம்பி, காலையில் ஒரு பேர், சாயங்காலம் ஒரு பேர்
ஒரே பனியனுக்குத் தைத்து அனுப்புகிற ஊர் எங்களுது.
லேபிளை எங்கிட்டக் காட்டாதே.
சார்ஜரில் மாட்டு,
உள்தடை என்னவென்று பார்.

மூன்று மில்லி ஓம்.
மூவாயிரத்து இருநூறு எண்ணிக் கொடுத்தேன்.

ஞாயிறு ராத்திரி, மங்கலம் ரோட்டுக் குடோன்.
கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாச்சு,
அடுத்த லோடு புதனுக்கு.
ஆடிட்காரர்களுக்காகப் பூசிய எபாக்ஸி தரை
காலியாய்க் கிடந்தது.
சென்னியப்பன் அட்டைப்பெட்டிகளை மடித்து
வளைவு கட்டியிருந்தார். பேக்கிங் சூப்பர்வைசர்,
கோடு பிசகாது.
அவர் காரின் கூட்டுக்கு
பிரிண்டிங்கில் மிஞ்சிய ஆரஞ்சுப் பிக்மென்ட்,
ஒரு பக்கம் போதாமல் போய் மஞ்சளில் முடிந்திருக்கும்.
பேட்டரிக்கு மூன்று வயது. பதினொரு மில்லி ஓம்.
"ஏனுங்க, மாத்தறதில்லையா?"
"ஓடுதுங்களே."

சோடி ஓட்டத்தில் முந்துவது கிடையாது.
முன்னால் போகிறவர் எந்தக் கோணத்தில் சரிகிறாரோ
பின்னால் வருகிறவள் அதே கோணத்தில் சரியவேண்டும்,
கைக்குட்டை அகலம் தள்ளி, தொடாமல்.

மூன்றாம் வளைவில் தொட்டேன்.
தொட்டதா, இடித்தேன்.
பம்பர் உடைந்து தெறித்தது.
துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
"போச்சாதுங்க, இன்னொருக்கா போலாம்" என்றார்.
திராட்டிலை எழுபதுக்குக் குறைத்தேன், அப்புறம் அறுபதுக்கு.
அப்போதும்
அவர் இன்னும் வந்து சேராத இடத்தில்
என் கார் போய் நின்றுகொண்டிருந்தது.

பையின் அடியில் அந்தப் பழசு கிடந்தது.
கழித்துவிட வேண்டும் என்று நாலு மாதமாய் நினைத்திருந்தேன்.
விரலால் அழுத்திப் பார்த்தேன், வீங்கவில்லை.
மாட்டினேன். பத்து மில்லி ஓம்.
மூவாயிரத்து இருநூறைக் கழற்றிச் சட்டிக்குள் வைத்ததை
அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு இரண்டு கார்களும்
ஒரே அலமாரியின் இரண்டு கதவு மாதிரித் திரும்பின.
எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.
கேட் பக்கமிருந்து எட்டிப் பார்த்த வாட்ச்மேன்
"யாருங்க செயிச்சது?" என்று கேட்டார்.
இரண்டு பேரும் பதில் தெரியாமல்
ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில், சமையல் மேடைக்கு எட்டத்தில்,
பிரியாணிக் கடையில் வந்த மண்சட்டி.
அதற்குள் இரண்டையும் படுக்க வைத்தேன்.
நிறைய ஏற்றி வைத்தால் வீங்கும்,
ஒட்ட வடித்தால் செத்துவிடும்.
ஒரு செல்லுக்கு மூன்று புள்ளி எட்டு வோல்ட்.
ஒரு வாரம் தாங்கும்.

நாளைக்குப் புது லாட் துணி வரும்.
நூற்று எண்பதா, நூற்று எழுபத்தாறா,
பையர் கேட்பான், நான் சொல்லவேண்டும்.

சென்னியப்பன் தன்னுடையதை
எவ்வளவில் வைக்கிறார் என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
அடுத்த ஞாயிறு மாட்டினால்
சார்ஜரே சொல்லிவிடும்.