அழுத்தம்

மரிபோரில் அக்டோபர் முழுக்கப் பனிமூட்டம்.
திராவா ஆறு எங்கே வளைகிறதென்று
பாலத்து விளக்குகளை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும்.
அப்படியொரு காலையில்
மாத்திரைத் தொழிற்சாலையின் மூன்றாம் தளத்தில்
யெர்னேயாவை என்னிடம் ஒப்படைத்தார்கள்.
ஐம்பத்து மூன்று வயது. மருந்து உருவாக்கப் பிரிவு.
"கூட்டங்களில் பேசுவதில்லை."
ஆறு அமர்வுகள். மணிக்கணக்கில் எனக்குக் கூலி.

நான் கொண்டுபோனது வழக்கமான சாமான்கள்:
கண்ணாடி முன் ஒத்திகை,
தோளை விரித்து நிற்கும் பயிற்சி,
முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது என்று
மஞ்சள் அட்டையில் எழுதிய விதி.
அட்டையை வாங்கினாள்.
மேசை விளிம்புக்கு இணையாக வைத்தாள்.
தேநீர் ஆறியது.
குறிப்பேட்டில் எழுதினேன்: அழுத்தக்காரி.

இரண்டாவதில் குரலை உயர்த்தச் சொன்னேன்.
மூன்றாவதில் அவளுடைய மேலாளராக நடித்து
ஒவ்வொரு சொல்லிலும் குறுக்கே விழுந்தேன்.
கழுத்தில் கிளம்பிய சிவப்பு
காது மடலில் போய் நின்றது.
ஏழு வார்த்தை பேசினாள். எண்ணினேன்.
அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்,
அதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நான்காவதற்கு அவள் வரவில்லை.

தேடிப் போனேன்.
தலைக்கு வலைத்தொப்பி, காலுக்கு நீல உறை,
கதவுக்குப் பின் கதவு.
ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து செய்துகொண்டிருந்தாள்:
வெள்ளை அடுக்கு இரத்த அழுத்தத்துக்கு,
இளஞ்சிவப்பு கொழுப்புக்கு.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால்
எதையாவது மறந்துவிடுகிறவர்களுக்காக
ஒன்றாக்கப்பட்டவை.
டப்பாவைத் திறந்து காட்டினாள்.
ஓடு கழன்ற சிப்பிகள் மாதிரி
பாதி பாதியாக, நாற்பதோ ஐம்பதோ.

யார் தப்பு என்றேன், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.
இயந்திரம் போட்ட கூச்சலில்
அவளுக்குப் பேச்சு வந்தது.

"முதல் அடுக்கை ரொம்ப அழுத்திவிடுகிறார்கள்.
அழுத்தினால் முகம் வழவழத்துப் போகும்.
வழவழத்த முகத்தில் எதுவும் பிடிக்காது.
லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான்.
கரடாகவே இருக்கட்டும்.
அடுத்தது வந்து விழுந்தபின்
இரண்டையும் சேர்த்து அழுத்தலாம்."

எண்ண மறந்துவிட்டேன்.
"இதையே கூட்டத்தில்" என்று தொடங்கி
வாயை மூடிக்கொண்டேன்.
நீல உறையைக் கழற்றாமலே
வண்டி நிறுத்துமிடம் வரை நடந்திருக்கிறேன்,
காவலாளி கூப்பிட்டுச் சொன்னார்.

ஐந்தாவதில் நாங்கள் பேசவில்லை.
வால்நட் சுருட்டிய ரொட்டி கொண்டுவந்திருந்தாள்.
நடுத்துண்டை எனக்குத் தந்தாள்.

ஆறாவதில் ஒன்றே ஒன்று கேட்டேன்:
அந்த டப்பாவைக் கூட்டத்துக்கு எடுத்துப் போகமுடியுமா, சும்மா.

எடுத்துப் போனாள். கவிழ்த்தாள்.
நீள மேசை முழுக்கப் பாதிகள் சிதறின.
ஒன்று இயக்குநர் ஹ்ரோவாத்தின்
காப்பிக் கோப்பையில் இடித்து நின்றது.
பதினொரு பேர் வாயடைத்தார்கள்.
அந்த நிசப்தம் அவளுக்குச் சொந்த ஊர்.
"விசையைக் குறையுங்கள்" என்றாள்,
"முதல் தட்டுக்கு மட்டும்."

படிவம் கேட்டது: முன்னேற்றம், ஒன்று முதல் ஐந்து வரை.
காலியாக அனுப்பினேன்.
கடைசித் தவணைக் கூலி இன்னும் வரவில்லை.

புதுத் தொகுதி சோதனைப் பெட்டிக்குள் போனது.
நாற்பது டிகிரி, எழுபத்தைந்து விழுக்காடு ஈரம்.
ஊரெல்லாம் பனி கொட்டிக்கொண்டிருக்க
அதற்குள் மட்டும் ஓயாத மழைக்காலப் புழுக்கம்,
மூன்று மாதம்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மாலை
கைபேசி அடித்தது. அவள் எண்.
யாரையும் அழைக்கிறவள் இல்லை அவள்.
எடுத்தேன். மூச்சு மட்டும்.
"சொல்லுங்கள்" என்று புறப்பட்ட நாக்கை
இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.
பாலத்தில் ஒரு பேருந்து போயிற்று. பிறகு இன்னொன்று.

"பிரியவில்லை" என்றாள்.

வைத்துவிட்டாள்.