ஹோல்டான்

ஒன்பது கட்டிலுக்கு ஒன்பது வந்தது.
தேங்காய் மூடி அளவு, சாம்பல் நிறம்,
குரல் மட்டும் மெட்ராஸ் செய்தி வாசிப்பு.
என்னைத் தமயந்தி சிஸ்டர் என்கிறது.
நான் சிஸ்டர் இல்லை, ஆயா.
திருத்தவில்லை. இருக்கட்டும்.

குறை சொல்லக் கூடாது.
இரண்டாம் கட்டில் பாவாயி
மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.
நான் நாலாவது தடவையில் பல்லைக் கடிப்பேன்.
அது நாற்பதாவது தடவையும்
இப்போதுதான் கேட்ட மாதிரி சொல்கிறது.
ஐந்தாம் கட்டிலுக்குத் தங்கம் விலை.
காதில் வேப்பங்குச்சிதான். ஆனாலும்
சவரன் ஏறிய நாளில் ஒரு இட்லி கூட இறங்கும்.
மாத வாடகை என் சம்பளத்தில் பாதியாம்.
ஆளைப் புரட்டத் தெரியாத ஒன்றுக்கு
அதிகம்தான்.

ஆறாம் கட்டிலோடுதான் அதற்கு ஒத்துவரவில்லை.
சித்தேஸ்வரன். ஏற்காடு வண்டியில்
முப்பத்தொரு வருஷம் கண்டக்டர்.
பக்கவாதம் மொத்தப் பேச்சையும்
வழித்துக்கொண்டு போனபோது
தோல்பையின் மூலையில் இரண்டு சில்லறை தங்கிவிட்டது:
ரைட்.
ஹோல்டான்.
மகள் பெயர் வராது. தண்ணி என்று வராது.
இடது கை மட்டும் சில சமயம்
போர்வை நுனியில் டிக்கெட் கிழிக்கும்.
அந்தப் பெட்டியோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பும்.
பேர் சொல்ல வாய் இருந்தால்
அவருக்கு அது எதற்கு?

சூரமங்கலத்திலிருந்து ஜெரால்டு என்று ஒரு பையன்
அரை நாள் உட்கார்ந்து பழக்கினான்.
அவர் குரலில் ரைட் என்றால் என் மேஜையில் மணி.
ஹோல்டான் என்றால் விளக்கு, விசிறி எல்லாம் நிற்கும்.
நாலு நாள் ராஜ மரியாதை.
முதுகு திருப்ப ரைட். மூத்திரத்துக்கு ரைட்.
கஞ்சி வேண்டாம் என்பதற்கு ஹோல்டான் சொல்ல,
விசிறி நின்று எனக்கு வேர்த்தது.

ஐந்தாம் இரவு, இரண்டு பத்து.
மணி. ஓடினேன். தூங்குகிறார்.
வந்து உட்கார்ந்தேன். மணி.
ஏழாவது ஓட்டத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே, அடிவாரத்துக்கு மேலே,
ஏதோ காய்கறி வண்டியின் விளக்கு
ஒரு வளைவில் மறைந்து அடுத்ததில் வந்தது.
கட்டிலில் உதடு அசைந்தது:
ரைட்.

மஸ்கட்டில் மகளின் போனில்
ஒவ்வொரு மணியும் போய் விழுந்திருக்கிறது.
அப்பாவுக்கு என்னாச்சு?
ஒண்ணுமில்லம்மா. வண்டி மலையேறுது.
லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு,
எத்தனாவது வளைவு? என்றாள்.

ராத்திரியில் மட்டும் மணியை நிறுத்திவிடலாம் அக்கா,
நீங்களும் கண்ணயரலாம், என்றான் ஜெரால்டு.
வேண்டாம் தம்பி.
இப்போதெல்லாம் முதல் மணிக்கே போய்விடுகிறேன்.
பின்படி கம்பியைப் பிடிப்பதுபோல்
கட்டில் கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
இருபது வளைவு. இருபது முடிந்தால் குறட்டை.

நேற்று பதினேழில் நின்றுவிட்டது.
மூச்சு இருந்தது. துணி நனைந்திருந்தது.
ஒரு காலை நான் தூக்கிப் பிடித்திருந்தபோது,
கூச்சமோ கோபமோ, கண் திறக்காமல்,
ஹோல்டான்.
விளக்கு போனது. விசிறி போனது.
புண் எங்கே, பஞ்சு எங்கே என்று
இருட்டில் கைக்குத் தெரியும்.
துடைத்தேன். பவுடர் போட்டேன். மாற்றினேன்.
போர்வையை இழுத்துவிட்டு, காதருகில்,
ரைட், என்றேன்.
என் ரைட் அந்தப் பெட்டிக்குக் கணக்கில்லை.
அவருக்குக் கேட்டது.
ரைட், என்றார்.
ஆளில்லாத மேஜையில் மணி அடித்தது.
பதினெட்டு.

காலையில் பதிவேட்டைத் திறந்து
ஏற்காடு போய்ச் சேர்ந்தார் என்று எழுதினேன்.
போய்ச் சேர்ந்தார் என்றால்
இந்த நோட்டில் வேறு அர்த்தம்.
அடித்துவிட்டு, கீழே:
2.40 துணி மாற்றியது.
விசிறி சிறிது நேரம் இல்லை.
ஆறாம் கட்டில், நல்ல தூக்கம்.