பதினெட்டு டிகிரி

தேவாலயச் சுவரோரம் நூற்றெழுபது வருடம் நின்றவரைப்
போன அக்டோபரில் படுக்கவைத்து எடுத்துவந்தோம்.
பைன் மரத்து ஆள். ஒரு கால் கட்டை.
ஏந்திய கையில் மூன்று விரல்தான் மிச்சம்.
நெஞ்சில் ஒரு பிளவு;
அதில் விழும் காசு ஊர் ஏழைகளுக்கு.

இப்போது மியூசியத்தில், கண்ணாடிக்குள்.
ஈரப்பதம் நாற்பத்தைந்து, வெப்பம் பதினெட்டு.
விவர அட்டை நான் எழுதியது:
செய்தவர் தெரியவில்லை. மரம், இரும்பு, சிவப்புச் சாயம்.
ஏரிக்காற்றை எந்த வரியில் சேர்ப்பதென்று தெரியாமல்
விட்டுவிட்டேன்.

சுவரோரம் அவருடைய நகல்.
தெற்கே ஒரு பட்டறையில் கணினி வைத்துக் கடைந்தது.
விரல்கூட மூன்றுதான்:
இல்லாத இரண்டையும் கவனமாக அளந்து
இல்லாமலே செய்திருந்தார்கள்.

நவம்பர் முழுக்க ஊர் இரண்டுபட்டது,
நீராவிப் படகுத்துறையில், மீன் கடையில்,
பொதுச் சௌனாவின் மேல்பலகையில்.
"பிச்சைக்காரருக்கு எதற்குக் கண்ணாடி வீடு?" என்ற ரைமோ
கொதிக்கும் கல்லில் இன்னொரு அகப்பை நீர் விட்டார்.
ஆவி எழுந்தபின் யாரும் பேசவில்லை.

யாரோ கண்ணாடிப் பெட்டியின் மேல்
இரண்டு யூரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
எந்தக் கணக்கில் எழுதுவதென்று கேட்டு
நகராட்சிக்குக் கடிதம் போட்டேன்.
பதில் இல்லை.

டிசம்பரில் ஏரி இறுகியது.
நான்காம் எண் பேருந்து ஓட்டும் ஹில்க்கா
ஆண்டுதோறும் அவருக்கொரு மஃப்ளர் பின்னுவாள்,
கடைசி நிறுத்தத்தின் பதினோரு நிமிட ஓய்வுகளில்.
இம்முறை மஞ்சள்.
மியூசியத்துக்குத்தான் கொண்டுவருவாள்,
கம்பளியைப் பூச்சி பார்க்காமல் உள்ளே விட முடியாது,
எப்படிச் சொல்ல என்று ஒத்திகை பார்த்தபடி
கதவருகே நின்றேன்.

அவள் சாலைக்கு அந்தப்பக்கம்,
எஞ்சின் ஓட ஓட இறங்கி,
நகலின் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.
கோட்டுகூடப் போடாமல் ஓடிப்போய்க் கேட்டேன்.
"அவருக்குப் பதினெட்டு டிகிரி.
இவர்தானே வெளியே நிற்கிறார்?"
அவ்வளவுதான். பயணிகள் காத்திருந்தார்கள்.

ஏறுமுன் ஒரு காசு போட்டாள். போகவில்லை.
பிளவு அரை விரல் ஆழம், அப்புறம் கெட்டி மரம்.
அளந்த கருவி வயிற்றுக்குள் பார்க்கவில்லை.
பாதி உள்ளே, பாதி வெளியே,
நாக்கைப்போல் நீட்டிக்கொண்டு நின்றது காசு.

மறுநாள் படகு பழுதுபார்க்கும் தைஸ்தோ
துளைக்கருவியோடு வந்தார். யாரிடமும் கேட்கவில்லை.
நெஞ்சுக்குள் குடைந்து, முதுகில் சின்னக் கதவு வெட்டி,
கீல் வைத்து, பூட்டும் போட்டார்.
பனிமேல் மரத்தூள், புதுப் பிசின் வாசம்.
தடுக்கவேண்டிய அதிகாரி நான்.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டதால்
அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காசு விழுந்தது.
தூரத்தில் பனிக்கட்டி விரியும் ஓசைக்கு நடுவிலும்
கேட்டது.

பதிவேட்டில் இன்றும் அவர் நகல்தான்.
தற்போதைய நிலை என்ற கட்டத்தில் மட்டும்
'பணியில் இருக்கிறார்' என்று எழுதினேன்.
சாவி யாரிடம் இருப்பது என்பது
இன்னும் முடிவாகவில்லை.