ஊர்ப்பெயர்

சலீமா,
காய்ச்சலில்தான் உன் பெயரை உளறினார்.
நாற்பத்தாறு, புரட்டாசி.
கப்பல் இறங்கி வந்த மூன்றாம் வாரம்.
விடிந்ததும் கேட்டேன்.
"சேலம்மான்னு சொல்லியிருப்பேன்.
நாலு வருசமா ஊரு நெனப்பு"
என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
கருப்பூர் வெள்ளைக்கல் சுரங்கத்துக்கு
லாரி ஓட்டப் போய்விட்டார்.

நம்பினேன்.
நம்பாமல் எங்கே போவது?
கொண்டலாம்பட்டியில் அப்பன் வீட்டில்
ஏற்கெனவே ஒருத்தி திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆனாலும்
தணிக்கைக்காரன் மை பூசிய கடிதங்களை
வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்தவள் நான்.
கறுப்புக்குக் கீழே எழுத்து இருக்கும் என்பது
எனக்குத் தெரியும்.

அவர் டீ போடுவதில் நீ இருந்தாய்.
ஒரே தூள், மூன்று கொதி.
முதல் டம்ளர் நாக்கைச் சுருட்டும்.
இரண்டாவதில் கொஞ்சம் வெல்லம்.
மூன்றாவதில்
வறுத்த கடலையை உடைத்துப் போட்டு
யாருக்கும் தராமல் தானே குடிப்பார்.
எந்த ஊர் டீ என்றால்
பட்டாளத்து டீ என்பார்.
பக்கத்து வீட்டு ஹவில்தாரும் பட்டாளம்தான்.
அவர் ஒரே கொதியில் இறக்கினார்.

மதிய வேளையில்
வெள்ளைக்கல் குவியல் கண்ணைக் குத்தும்.
மற்ற டிரைவர்கள் புளியமரத்தடிக்கு ஓட,
இவர் மட்டும் அந்த வெளிச்சத்துக்குள்
வெறுமனே நின்றுகொண்டிருப்பாராம்.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு வைகாசி.
சேர்வராயன் கோயிலுக்குப் போகிற என்னை
எஸ்டேட் உர மூட்டைகளோடு ஏற்றிக்கொண்டார்.
கொண்டை ஊசி வளைவில் பனி மூடி
லாரியின் மூக்குகூடத் தெரியவில்லை.
என்ஜினை நிறுத்தினார்.
"மணக்காத்தும் இப்பிடித்தான்" என்றார்.
அப்புறம்
நான் ஒன்றுமே கேட்காமல் சொன்னார்.

தோப்ருக் விழுந்த அன்று
அச்சு முறிந்த லாரியோடு தனியாகக் கிடந்தாராம்.
உன் அப்பா ஒட்டகத்தில் தூக்கிப் போட்டு வந்து
ஆட்டு மயிர்க் கூடாரத்தில் ஒளித்தாராம்.
செத்துப்போன உன் தம்பியின் அங்கி.
இத்தாலிக்காரன் வந்து கேட்டால்
பிறவி ஊமை, ஆடு மேய்ப்பவன்.
பகலெல்லாம் ஊமை.
இரவில் உன்னிடம் மட்டும் இரண்டு சொல்.
உன் பெயர் சலீமா.
என் ஊர் சேலம்.
நீ வாயைப் பொத்திச் சிரித்தாயாம்,
என் பெயரிலா குடியிருக்கிறாய் என்று.

ஆனி தொடங்கி ஐப்பசி வரை.

நம் பட்டாளம் திரும்பி வந்த காலையில்
அதிகாரி நம்பரைக் கேட்க
விறைத்து நின்று உரக்கச் சொன்னாராம்.
ஊமை பேசிட்டான், ஊமை பேசிட்டான் என்று
பிள்ளைகள் குதித்தார்களாம்.
நீ கூடாரத்துக்குள் போனவள்
வெளியே வரவில்லையாம்.

அதே ஆனியில்தான்
"காணவில்லை" என்று எனக்குத் தந்தி வந்தது.
தாலியைக் கழற்றச் சொன்ன மாமியாரோடு
ஐந்து மாதம் மல்லுக்கு நின்றேன்.
நீ சோறு போட்டுக் காப்பாற்றியவனுக்கு
நான் இங்கே மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்டேன்.
"நான் இருக்கறது அவளுக்குத் தெரியுமா?"
"பெண்டாட்டிங்கறதுக்கு அவங்க பாசையில
எனக்கு வார்த்தை தெரியலை."
"கையால காட்டியிருக்கலாமே.
ஊமைதானே நீங்க."

பனி விலகும்வரை
அவர் வாய் திறக்கவில்லை.
விலகியபின் கியர் போட்டார்.
கோயிலில் தேங்காய் அழுகல்.
யாருக்கு வேண்டிக்கொண்டேன் என்று
இப்போது நினைவில்லை.

வெள்ளைத்தூசி நெஞ்சில் கட்டி
போன தையில் செத்தார் அத்தியப்பன்.
உனக்கு யார் தந்தி கொடுப்பார்கள்?
நீயும் இருக்கிறாயோ என்னவோ.

முன்னாள் படைவீரர் அலுவலகத்தில்
குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டான்.
"வேற சம்சாரம், வாரிசு யாராச்சும்?"
பேனா காத்திருந்தது.
"இல்லை" என்றேன்.
உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை,
சும்மா சொல்கிறேன்.

"ஊரு?"

முப்பது வருடமாகக்
கூசாமல் சொல்லிவந்த சொல்.
தொண்டையில் நின்றது.
அவன் இரண்டாம் முறை கேட்டான்.
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.